படமும் பாடமும்

வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று தமிழ் வாசகர் யாரைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வார். அவர் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் கல்கி எழுதியது அல்ல, மணியம் வரைந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்துகொண்டிருந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட (நானும் அந்தக் கூட்டம்தான்) யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பைண்டுப் புத்தகத்தைப் புரட்டி அந்தப் படங்களை மனசில் ஒட்டவைத்துக்கொண்டோம். ‘தில்லானா மோகனாம்பாள்’ விஷயமும் இதுதான். கொத்தமங்கலம் சுப்பு எழுதினார், கோபுலு வரைந்தார். 1968இல் சினிமா வந்து நடிகர்களின் முகங்களை அந்த இடத்தில் உட்கார்த்தி வைக்கும் வரையில், சண்முகசுந்தரமும் மோகனாவும் கோபுலுவின் கோடுகளாகத்தான் ஜனங்கள் மனசில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சற்றுப் பொறாமை உண்டு. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்கதைப் படம், கதையில் இல்லாததைச் சொல்ல வந்த படம் அல்ல. கதாசிரியர் எழுதிய ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு அதைக் கண்ணுக்கு நிறைவாகக் காட்டுவதோடு அதன் வேலை தீர்ந்துவிடுகிறது. மோகனாவுக்குப் பின்னால், கதையிலேயே வராத ஓர் ஆளைத் தூணோரமாக நிறுத்தி, அவன் என்ன செய்யப்போகிறானோ என்று வாசகரைத் தவிக்கவிட ஓவியருக்கு அனுமதி கிடையாது. அப்படி ஒரு படம் வந்திருந்தால் கதாசிரியர் அன்றைக்கே பத்திரிகை ஆபீசுக்குப் போய்ச் சண்டை பிடித்திருப்பார். நானாக இருந்தால் கட்டாயம் பிடிப்பேன்.

இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, குழந்தைகளின் சித்திரப் புத்தகம் என்றதும் இதே சரக்கு, கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் வர்ணம் கூடுதலாக என்ற எண்ணம்தான் வருகிறது. கதை என்பது எழுத்தில் இருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கு ஆசை காட்டுவதற்காகப் பக்கத்தில் படம் இருக்கிறது. எழுத்து வந்தபின் படம் தேவையில்லை. பெற்றோர்கள் இப்படி நினைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. வகுப்பறை இப்படி நினைக்கிறது. அதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

நம்முடைய அரிச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, ஆடு, இலை வரையில் தொல்லை இல்லை. உரல் வருகிறது. மிக்ஸி ஓடும் வீட்டுக் குழந்தைக்கு அது எந்தப் பொருள் என்றே தெரியாது. தெரியாவிட்டாலும் போகட்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தகராறு ‘ஐ’யில் ஆரம்பிக்கிறது. ஐந்து ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ‘ஐவர்’ என்று குழந்தை சொல்ல வேண்டும். ‘அஞ்சு பேரு’ என்கிறது. ‘ஔ’வுக்கு வந்தால் கோல் ஊன்றிய ஒரு நரைத்த தலை. எந்தக் குழந்தையும் அதைப் பார்த்துப் ‘பாட்டி’ என்றுதான் சொல்லும். (1953இல் ஜெமினி எடுத்த படத்தைப் பார்த்த தலைமுறைக்கு அது கே. பி. சுந்தராம்பாள்.) கடைசியில் ‘ஃ’. எஃகை எப்படி வரைவது? இரும்பை வரைந்துவிட்டு எஃகு என்று எழுதிவிட வேண்டியதுதான். குழந்தை ‘கம்பி’ என்கிறது.

இந்த மூன்று இடத்திலும் குழந்தை படத்தைச் சரியாகவே படித்திருக்கிறது. அதன் கண்ணில் பிசகில்லை. ஆனால் மூன்று இடத்திலும் ‘தப்பு’ என்ற சொல் அதன் காதில் விழுகிறது. படித்தவர்கள் வீட்டில் இதை ஒரு விளையாட்டாகச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். வீட்டில் புத்தகமே இல்லாத குழந்தைக்கு, தான் கண்ணால் கண்டதைச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் முதல் ‘தப்பு’ அது. அதற்குப் பிறகு அது கண்ணை நம்புவதை நிறுத்திவிட்டு டீச்சரின் உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

படம் வைத்துப் பாடம் சொல்வதற்கு ஆதி குருவாகக் கொமேனியஸ் என்ற பாதிரியாரைச் சொல்வார்கள். மொராவியாக்காரர். உலகத்துப் பொருள்களையெல்லாம் படம் போட்டு, லத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கி அவர் தயாரித்த புத்தகம் 1658இல் நூரெம்பர்கில் அச்சாயிற்று. அதில் எழுத்து கற்றுத்தரும் பக்கத்தில் அவர் செய்திருக்கும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் எழுத்துக்குக் காகத்தின் படம். காகம் என்ற சொல்லின் முதல் எழுத்துக்காக அல்ல, காகம் ‘ஆ ஆ’ என்று கரைவதற்காக. இரண்டாம் எழுத்துக்கு ஆட்டுக்குட்டி. அது ‘பே’ என்று கத்துவதற்காக. குழந்தை ஏற்கெனவே காதால் அறிந்த சத்தத்திலிருந்து எழுத்துக்கு வருகிறார் மனிதர். முந்நூற்றறுபது வருஷங்களுக்குப் பிறகும் நாம் எஃகையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் கொமேனியஸின் படமும் பொருளைக் காட்டும் படம்தான். நான் சொல்லும் சித்திரப் புத்தகம் வேறு ஜாதி. உதாரணத்துக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி வரைந்து 1968இல் வெளிவந்தது. ரோஸி என்ற கோழி உலாவப் போகிறது. முற்றம், குளம், வைக்கோற்போர், மாவு மில், வேலி, தேன்கூடு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்புகிறது. புத்தகம் முழுவதற்கும் 32 சொற்கள். இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கதை படத்தில் இருக்கிறது. கோழிக்குப் பின்னால், முதலிலிருந்தே, ஒரு நரி வருகிறது. பாய்கிறது, மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது. மறுபடி பாய்கிறது, குளத்தில் விழுகிறது. வைக்கோலில் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. அந்த 32 சொற்களில் ‘நரி’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சத்தம் போட்டுப் படிக்கிற பெரியவரின் வாயில் கோழி மட்டும் இருக்கிறது. நரி இருப்பது கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில். அந்த அறையில் குழந்தைதான் அதிகம் தெரிந்தவன். வகுப்பறையில் அப்படி ஒரு நிலைமை அதன் ஆயுளில் எத்தனை முறை வாய்க்கப்போகிறது? தெரிந்ததைச் சொல்லாமல் யாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போனேன். சிநேகிதர் ஒருவர் ஏற்பாடு. கூவம் மூன்று பக்கமும் வளைந்து போகிற அந்தப் பேட்டையில், மீன் மார்க்கெட்டுக்கு நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பு, இருபத்தைந்து குழந்தைகள் இருக்கும். டீச்சர் நல்ல மாதிரி, குரலை உயர்த்தாதவர், பிள்ளைகள் பயமில்லாமல் அவர் புடவையைப் பிடித்து இழுக்கிறார்கள். என் முறை வருவதற்குள் அவர் தம் பாடத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையில் ஒரு சின்னச் சித்திரப் புத்தகம். சிவப்பாக, உருண்டைக் கண்ணோடு ஒரு மீன் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தது.

“இது என்ன?” என்று கேட்டார்.

“சங்கரா” என்றாள் முன் வரிசையில் ஒரு பெண்.

“மீன்னு சொல்லணும். எங்கே, மீ… ன்.”

வகுப்பு முழுவதும் ‘மீன்’ என்று கூவியது. அந்தப் பெண் கூவவில்லை. அவள் குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. அவளுடைய அம்மா மார்க்கெட்டில் கூடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மீன் மார்க்கெட்டில் ‘மீன்’ என்று ஒரு மீன் கிடையாது. வஞ்சிரம் உண்டு, வவ்வால் உண்டு, நெத்திலி உண்டு, சிவப்பாக இருந்தால் சங்கரா உண்டு. மீன் என்பது மீன் வாங்கத் தெரியாதவர்களின் சொல். ஓவியர் ஏதோ ஒரு மீன் என்று நினைத்துத்தான் வரைந்திருப்பார். அந்தப் பெண் அதற்குப் பெயரே சொல்லிவிட்டாள். டீச்சர் மேல் எனக்குக் குறையில்லை. அன்றைக்கு அவருக்கு ‘மீ’ என்ற எழுத்து முடிய வேண்டும். முடிந்தது என்று செல்போனில் பதிவுசெய்ய வேண்டும். சங்கராவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பிறகு நான் கோழியை எடுத்தேன். என் தமிழில் நாலைந்து சொல்லாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது படத்திலேயே வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. “பின்னாடி! பின்னாடி!” என்று ஒரே கூச்சல். “ஏ கோழி, திரும்பிப் பாரு!” என்று ஒரு பையன் புத்தகத்தின் அருகிலேயே வந்து எச்சரிக்கை செய்தான். நடுவில் அது நரியா நாயா என்று ஒரு வழக்கு. வால் பெரிதாக இருப்பதால் நரி என்று தீர்ப்பாயிற்று. டீச்சர் என் பக்கம் குனிந்து, “சார், நரியைப் பத்தி எழுதவே இல்லையே. படிக்கும்போது நாம சேர்த்துக்கலாமா?” என்று கேட்டார். அருமையான கேள்வி. விமர்சகன் ஒருவன் பத்துப் பக்கம் எழுதி வந்து சேர வேண்டிய இடம் அது. சேர்த்துக்கொண்டால் புத்தகம் செத்துப்போகும் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் பழக்கம் லேசில் விடாது. கோழி வீடு சேர்ந்ததும், “இந்தக் கதையிலேருந்து நாம என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?” என்று கேட்டுவிட்டார். உடனே இரண்டு மூன்று குரல்கள், “பேராசை பெருநஷ்டம்!” குழந்தைகளிடம் இந்த மாதிரி நாலைந்து பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன, எந்தக் கதைக்கும் ஏதாவது ஒன்று பொருந்தும். அப்போதுதான் சங்கராப் பெண் வாயைத் திறந்தாள்.

“அந்தக் கோழிக்குத் தெரியும். தெரியாத மாரி போவுது.”

வீட்டுக்கு வந்து அன்று இரவு படங்களை மறுபடி ஒருமுறை பார்த்தேன். கோழியின் கண் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி பாதி மூடியிருக்கிறது. அசட்டுக் கோழியா, அழுத்தக்காரியா என்று கடைசிவரை காட்டிக்கொடுப்பதில்லை. என் நாவல்களுக்கு வந்த மதிப்புரைகளில் இவ்வளவு கூர்மையாக ஒரு வாக்கியம் தேடினால் ஒன்றிரண்டு தேறுமா என்பது சந்தேகம்.

இதற்கெல்லாம் ஆட்சேபணை சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ரிடையரான ஒரு தலைமையாசிரியர், “நாமெல்லாம் படம் பார்த்தா சார் வளர்ந்தோம்? பாட்டி கதை சொன்னாள். மனசிலே படம் தானாக வந்தது. படத்தைக் கையில் கொடுத்தால் கற்பனை முடமாகிப்போகும்” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டி இருட்டில் சுவருக்குப் பின்னாலிருந்து கதை சொல்லவில்லை. ராட்சசன் வந்தால் கண்ணை உருட்டினாள். எலி வந்தால் விரலால் தொடையில் ஓடிக் காட்டினாள். வாய் ஒன்று சொல்லும், புருவம் வேறு ஒன்று சொல்லும். சித்திரப் புத்தகத்தில் படம் செய்கிற வேலை அதுதான். இன்னொரு கட்சி, ஆறு வயசுக்குள் பேசும் நரியும் நடக்கும் மரமும் வேண்டாம், மெய்யான பொருளைக் காட்டு என்பது. 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்த மாண்டிசோரி அம்மையார் ஏறக்குறைய இந்தக் கட்சி. அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும், முழுக்க முழுக்க மெய்யான பொருளாகிய சங்கரா மீனுக்கு என்ன கதி நேர்ந்தது என்று மேலே பார்த்தோம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், ரிஷி வேலிப் பள்ளியின் வழியைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் வந்தது; 2007இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, படம் போட்ட அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். பிறகு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. 2023இல் ‘வாசிப்பு இயக்கம்’. பாடப் புத்தகத்துக்கு வெளியே, படங்களோடு சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைச் சர்க்காரே அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. இது மெச்சத்தக்க காரியம். பாடம் இல்லாத ஒரு புத்தகம் பள்ளிப் பிள்ளையின் கைக்குச் சர்க்கார் செலவில் வருவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிற சங்கதி அல்ல. அந்தப் புத்தகங்களுக்கும் நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள்: நுழை, நட, ஓடு, பற. பெயர் வைத்தவர் ரசிகர், சந்தேகமில்லை.

எனக்குள்ள தகராறு படிகளோடுதான். எழுத்தை எண்ணிப் படி வகுக்கலாம். இந்தச் சொல் எளிது, அந்தச் சொல் கடினம் என்று நிர்ணயிக்கலாம். படத்தை எப்படிப் படி வகுப்பது? ‘கோழிக்குத் தெரியும்’ என்ற பெண் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இன்னும் ‘நுழை’ நிற்கும் வாசலில்தான் நிற்கிறாள். கண்ணால் பறந்துகொண்டிருக்கிறாள். அவளை அளக்கிற கருவி அவளுக்கு வராததை மட்டும் அளக்கிறது. அதோடு, படி என்று ஒன்று வந்துவிட்டால் மேல் படிக்குப் போனவன் கீழ்ப்படிப் புத்தகத்தைத் தொடுவதைக் கேவலமாக நினைக்கிறான். நல்ல சித்திரப் புத்தகத்தை அறுபது வயசிலும் பார்க்கலாம்.

புத்தகம் வந்தால் போதாது. வெளியே எடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பீரோவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய புத்தகம் கிழிந்தால் யார் ஜவாப் சொல்வது? ஏழு வயசுப் பிள்ளைகள் புரட்டினால் புத்தகம் கிழியத்தான் செய்யும். கிழியாமல் புதிதாக இருக்கிற புத்தகத்தைக் கண்டால்தான் இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, உள்ளங்கை அகலப் புத்தகத்தை இருபத்தைந்து பேர் எப்படிப் பார்ப்பது என்பது. டீச்சர் தம் பக்கம் வைத்துக்கொண்டு படித்துவிட்டு, பக்கம் முடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார். அதற்குள் கதை போய்விடுகிறது. முதலில் சொல், பிறகு படம் என்று ஆகிவிடுகிறது. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 1930களில் சைக்கிளில் மிட்டாய் விற்கிறவன் தெருமுனையில் நின்று, மரச்சட்டத்துக்குள் பெரிய பெரிய பட அட்டைகளைச் செருகிக் கதை சொல்வான். ‘கமிஷிபாய்’ என்று பெயர். படம் பிள்ளைகளைப் பார்த்திருக்கும்; எழுத்து அட்டையின் முதுகில், சொல்கிறவனைப் பார்த்திருக்கும். சொல்கிறவன் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கலாம், குழந்தைகள் படத்தைப் பார்க்கலாம். இருபத்தைந்து காலண்டர் அட்டை இருந்தால் நம் டீச்சர்களே செய்துகொள்ளக்கூடிய சங்கதி.

சிந்தாதிரிப்பேட்டைக்கு இதெல்லாம் அந்நியமும் அல்ல. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அந்த ஊரின் பெயர். 1734 வாக்கில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமனின் தோட்டமாக இருந்த இடத்தில் கம்பெனியார் அதை ஏற்படுத்தியபோது, நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயம் போடுபவர் இவர்களோடு துணியில் சித்திரம் எழுதுகிறவர்களையும் குடிவைக்க வேண்டும் என்று குறிப்பிட்டுச் செய்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய பூவும் கொடியும் கப்பலேறிச் சீமைக்குப் போயின. இன்றைக்கும் கதை அவ்வளவாக மாறவில்லை. திருவான்மியூர்ப் பக்கம் தாரா பதிப்பகம் இருக்கிறது. கோண்டு ஓவியர்கள் மூவரின் மரச் சித்திரங்களை வைத்து 2006இல் அவர்கள் கொண்டுவந்த புத்தகம், கறுப்புக் காகிதத்தில் பக்கம் பக்கமாகக் கையாலேயே அச்சிட்டது. 2008இல் இத்தாலியில் பொலோனியா சந்தையில் பரிசு வாங்கியது. கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. சென்னையில் கையால் அச்சான அது பாரிஸ் கடையில் கிடைக்கிறது. அந்த விலைப் புத்தகத்தைச் சிந்தாதிரிப்பேட்டை வகுப்பறையில் நான் எதிர்பார்க்கவும் இல்லை, காணவும் இல்லை. பதிப்பகத்தைக் குறை சொல்லவில்லை. கையால் செய்கிற பொருளின் விலை அப்படி. கப்பலேறுகிற துணி ஒன்று, பேட்டையில் உடுத்துகிற துணி ஒன்று என்பது பழைய ஏற்பாடு.

இனி எழுதுகிறவர்களாகிய எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பள்ளியில், அந்தப் பெண் சொன்னது டீச்சருக்கும் மிகவும் பிடித்துப்போய், அதைக் கரும்பலகையில் எழுதினார்: ‘கோழிக்குத் தெரியும். தெரியாதது போல் செல்கிறது.’ அழகான கையெழுத்து. ஆனால் அது தன்னுடைய வாக்கியம் என்று அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. ‘போவுது’ என்று அவள் வாயிலிருந்து புறப்பட்டது பலகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘செல்கிறது’ ஆகிவிட்டது.

தமிழில் சித்திரப் புத்தகம் எழுதுவதில் உள்ள பெரிய சங்கடம் இது. சித்திரப் புத்தகம் கண்ணுக்குப் படம், காதுக்குச் சொல். காதுக்கு வருகிற சொல் பேச்சாக இருக்க வேண்டும். நாமோ ஒரு தமிழில் பேசி இன்னொரு தமிழில் எழுதுகிறவர்கள். எந்தத் தாயும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ‘காகம் பறந்து சென்றது’ என்று அச்சில் உள்ளபடி படிப்பதில்லை. ‘காக்கா பறந்து போச்சு’ என்று போகிற போக்கில் மொழிபெயர்த்துவிடுகிறாள். சென்னையில் 1996இல் தொடங்கிய துலிகா பதிப்பகத்தார் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழுமாகப் பல புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். இருமொழிப் புத்தகம் என்கிறார்கள். உண்மையில் அது மும்மொழிப் புத்தகம். மூன்றாவது மொழி அச்சில் இல்லை, அம்மாவின் வாயில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மத்தியதர வீடுகளில் அப்பாவின் கண் முதலில் ஆங்கில வரிக்குப் போகிறது. தமிழ் வரி வாடகை கொடுக்காத குடித்தனக்காரரைப் போல் கீழே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது.

துலிகா புத்தகங்களில் எனக்கு மிகவும் உவப்பானது அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’. ஒரு பெரிய யானைக்கு ஜலதோஷம். அவ்வளவுதான் கதை. அந்த யானையின் தும்மலுக்கு எழுத்துத் தமிழும் கிடையாது, பேச்சுத் தமிழும் கிடையாது. அச்சில் உள்ளதை அப்படியே படிக்கலாம், வகுப்பு முழுவதும் சேர்ந்து தும்மலாம். வார்த்தைச் சிக்கலை ஒரு தும்மலில் தாண்டிவிட்ட சாமர்த்தியத்தை எண்ணி நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் எல்லாப் பிராணிக்கும் ஜலதோஷம் பிடிக்க வைக்க முடியாதே!

பெரியவர்கள் படிக்கும் கதையில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. கதாசிரியர் தம் குரலில் சொல்வது எழுத்துத் தமிழ், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழ் என்று மணிக்கொடிக்காரர்கள் காலத்திலேயே வழி போட்டாயிற்று. புதுமைப்பித்தனின் பாத்திரங்கள் திருநெல்வேலியைப் பேசினார்கள். ஜெயகாந்தன் சென்னைச் சேரியைப் பேசவைத்தார். வானம் இடிந்து விழவில்லை. குழந்தைப் புத்தகத்து முயலும் ஆமையும் மட்டும் இன்னமும் பெரும்பாலும் ‘நண்பா, நீ எங்கே செல்கிறாய்?’ என்று மேடையில் நிற்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கதை சொல்லும் வரியில் ‘சென்றது’, ‘போனது’, ‘போச்சு’ மூன்றில் எது என்றால் என் ஓட்டு ‘போனது’க்கு. அதை அச்சிலும் வைக்கலாம், வாயாலும் சொல்லலாம். ‘போச்சு’ என்று போட்டால் மதுரைக்காரர் ‘போயிருச்சு’ என்பார், இன்னொருவர் ‘போயிடுச்சு’ என்பார், சண்டை வரும். நரி வாயைத் திறந்து பேசுகிற இடம் வேறு. சிந்தாதிரிப்பேட்டையில் அது ‘இன்னா’ என்று கேட்க வேண்டும், திருநெல்வேலியில் ‘ஏலே’ என்று கூப்பிட வேண்டும். ஆகவே பேச்சு வரவேண்டிய பலூனைக் காலியாக விட்டு அச்சடித்தால், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டு டீச்சர் பென்சிலால் எழுதிக்கொள்ளலாமே என்று பதிப்பாளர் ஒருவரிடம் யோசனை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காலி பலூனுக்கு எழுத்தாளர் சன்மானம் எந்தக் கணக்கில் போடுவது என்று மட்டும் கேட்டார்.